நகருக்குள் கால்பந்து அரங்கம்: இடத்தை எதை வைத்து மதிப்பிடுவது?

கேள்வி இதுதான்: ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கழகம் நகருக்குள் புதிய அரங்கம் கட்ட முன்வரும்போது எந்த இடம் சரியானது என்று எப்படித் தீர்மானிப்பது? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி கழகம், மூன்று இடங்களைப் பரிசீலித்த பிறகு, எதிர்ப்பு மிகுந்த வெஸ்ட் எண்ட் பகுதியையே தேர்ந்தெடுத்தது ஏன், அந்த முடிவு சரிதானா?

முதலில் ஆட்ட அட்டவணையைப் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான எம்எல்எஸ் தொடரில் ஓர் அணி ஒரு பருவத்தில் 34 லீக் ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் 17 மட்டுமே சொந்த அரங்கில் நடக்கும். கோப்பை ஆட்டங்களையும் இசை நிகழ்ச்சிகளையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும், ஆண்டின் பெரும்பான்மையான நாட்களில் அந்தக் கட்டடத்தின் வாயில்கள் பூட்டியே இருக்கும். கழகம் வெளியிடும் மாதிரிப் படங்களிலோ எப்போதும் விளக்கொளி நிறைந்த ஆட்ட இரவுதான் காட்டப்படும். ஆகவே ஓர் இடத்தை எடைபோடும் நகர மன்றமும் குடிமக்களும் ஆட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில் அந்தத் தெரு எப்படி இருக்கும், அங்கே யார் குடியிருப்பார்கள், அவர்கள் என்ன வாடகை கொடுப்பார்கள் என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்வருவன யாவும் இதிலிருந்து பிறப்பவையே.

நிலத்தின் அளவிலிருந்து தொடங்கலாம். கால்பந்து ஆடுகளம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. கோட்டுக்கு வெளியே விட வேண்டிய இடைவெளியையும் இருபதாயிரம் பேர் அமரும் மாடங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 180 மீட்டருக்கு 145 மீட்டர் ஆகிறது. அதாவது ஆறரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நுழைவாயில்களுக்கு வெளியே மக்கள் கூடி நிற்க வெளி, ஒளிபரப்பு வண்டிகள், சரக்கு இறக்கும் வழி, அவசர ஊர்திகளுக்கான பாதை ஆகியவற்றுக்கு இடம் விட்டாலும் பத்து ஏக்கரில் காரியம் முடிந்துவிடும். இப்போது வாகன நிறுத்தத்தைக் கணக்கிடுங்கள். 22,000 பேர் காருக்கு இரண்டரைப் பேர் வீதம் வந்தால் 8,800 கார்கள். திரும்பும் வழியையும் சேர்த்து ஒரு காருக்கு 30 சதுர மீட்டர் என்று கொண்டால் 65 ஏக்கர் தேவை. அரங்கத்தைப் போல ஆறேழு மடங்கு நிலத்தைக் கார்களே விழுங்குகின்றன. அரங்கங்களை நகரத்திலிருந்து புறநகருக்குத் துரத்தியதில் ஆடுகளத்துக்குப் பெரிய பங்கு கிடையாது, துரத்தியவை கார்கள்தாம். எனவே நகருக்குள் இடம் தேடும் கழகம் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, தனக்கென்று பெரிய வாகன நிறுத்தம் கட்டப்போவதில்லை என்பதே. ஏற்கெனவே உள்ள அலுவலக நிறுத்தங்கள் மாலையிலும் வார இறுதியிலும் காலியாகத்தான் கிடக்கின்றன.

புறநகர் வழியில் போனவர்களின் கதைக்குச் சிகாகோ ஃபயர் கழகமே சான்று. 2006இல் அக்கழகம் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தென்மேற்கே உள்ள பிரிட்ஜ்வியூ என்ற சிற்றூருக்குப் போனது. பதினாறாயிரம் சொச்சம் மக்கள் வாழும் அந்த ஊர், பத்துக் கோடி டாலருக்கும் மேல் கடன் பத்திரங்கள் வெளியிட்டு அரங்கத்தைக் கட்டிக்கொடுத்தது. பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ரசிகர் கால்நடையாகப் போய் உட்கார ஒரு கடைத்தெருவும் கிடையாது. எதிர்பார்த்த கூட்டமும் சுற்றுப்புற வளர்ச்சியும் வரவில்லை. கடன் மட்டும் ஊர்மக்களின் சொத்து வரியில் வந்து உட்கார்ந்தது. கடைசியில் கழகம் 6.55 கோடி டாலர் கொடுத்துக் குத்தகையிலிருந்து விடுபட்டு, 2020இல் நகர மையத்தின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கத்துக்குத் திரும்பியது. 2025இல் சிகாகோ ஆற்றங்கரையில் ‘தி 78’ எனப்படும் 62 ஏக்கர் பழைய ரயில் நிலத்தில் 22,000 இருக்கைகள் கொண்ட அரங்கத்தை, அதன் உரிமையாளரின் சொந்தப் பணம் 65 கோடி டாலரில் கட்டப்போவதாக அறிவித்தது. ஒரே கழகம், கால் நூற்றாண்டு ஆவதற்குள், முதலில் விட்டுப்போன நகர மையத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. பிரிட்ஜ்வியூ மக்களுக்கு அந்தக் காலம் திரும்பி வராது.

அடுத்தது நிலத்தின் உரிமை. வரைபடத்தில் அழகாகத் தெரியும் இடம், பத்திரப் பதிவேட்டில் முப்பது பேர் பெயரில் சிதறிக் கிடக்கலாம். முன்னாள் கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 2014 பிப்ரவரியில் மயாமிக்கு அணி கொண்டுவருவதாக அறிவித்த பிறகு நடந்தவற்றை வரிசையாகப் படித்தால் இது நன்றாக விளங்கும். முதலில் துறைமுகத் தீவின் ஒரு மூலை. கப்பல் நிறுவனங்கள் எதிர்த்தன. பிறகு நகர மையத்தில் கடலோரப் படகுத்துறை. பூங்கா நிலமும் கடற்காட்சியும் போய்விடும் என்று நகரம் மறுத்தது. மூன்றாவது, பேஸ்பால் அரங்கத்தின் அருகே. அங்கே சிறு சிறு மனைகளின் உரிமையாளர்கள் பலரோடு விலை பேசியே காலம் கழிந்தது. நான்காவது, ஓவர்டவுன் பகுதியில் ஒன்பது ஏக்கர்; நிலம் கைக்கு வந்தும் வழக்கும் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பும் ஓயவில்லை. ஐந்தாவதாக, 2018இல், விமான நிலையத்தை அடுத்த மெல்ரீஸ் என்ற மாநகராட்சி கோல்ஃப் திடல் பேச்சுக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். 99 ஆண்டுக் குத்தகைக்கு நகர ஆணையம் இசைந்ததோ 2022 ஏப்ரலில். இதற்கிடையே அணி 2020 முதல் பக்கத்து ஊரான ஃபோர்ட் லாடர்டேலில் ஆடத் தொடங்கிவிட்டது.

ஒரே உரிமையாளர், அதுவும் அரசு உரிமையாளர் என்பதால்தான் மெல்ரீஸ் கைகூடியது. அரசு நிலத்துக்கும் ஒரு விலை உண்டு: அந்தத் திடலின் அடியில் பழைய மாநகராட்சி எரிப்பாலையின் சாம்பல் புதைந்திருந்தது, ஆர்செனிக் கலந்த மண்ணை அகற்றாமல் எதுவும் கட்ட முடியாது. நகருக்குள் பெரிய மனை ஒன்று விலை போகாமல் காலியாக இருந்தால், ஏன் இத்தனை நாள் காலியாக இருந்தது என்ற கேள்விக்கு மண் பரிசோதனையில்தான் பாதி விடை கிடைக்கும். வாஷிங்டனில் டி.சி. யுனைடெட் அணியின் ஆடி ஃபீல்டு எழுந்த பஸ்ஸர்ட் பாயிண்ட் பகுதியிலும் பழைய தொழிற்கூடங்களின் மண்ணும் தூசியும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் பெரும் கவலையைக் கிளப்பின. அங்கே நகர நிர்வாகம் நிலத்தை ஒன்றுசேர்க்கக் கட்டாயக் கையகப்படுத்தல் வரை போக வேண்டியிருந்தது.

பூங்கா நிலம் எளிதில் கிடைக்கும் என்ற எண்ணமும் பல கழகங்களுக்கு வந்திருக்கிறது. நியூயார்க்கில் ஃபிளஷிங் மெடோஸ் பூங்காவுக்குள் அரங்கம் கட்டும் யோசனை 2012–13இல் எழுந்து, குவீன்ஸ் மக்களின் எதிர்ப்பில் விழுந்தது. அந்தப் பூங்காவின் புல்வெளிகளில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் தாங்களே கால்பந்து ஆடுகின்றன. அவர்கள் ஆடும் களத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் சீட்டு வாங்கிப் பார்க்கும் களம் கட்டுவது எந்த வகையிலும் நியாயமாகாது. பல ஆண்டுகள் கழித்து, பூங்காவுக்கு வெளியே வில்லெட்ஸ் பாயிண்டில் நகரத்துக்குச் சொந்தமான நிலத்தில் 25,000 இருக்கைகள் கொண்ட அரங்கத்துக்கு 2024 ஏப்ரலில் மன்றம் ஒப்புதல் தந்தது. கூடவே 2,500 மலிவு விலைக் குடியிருப்புகளும் 650 மாணவர் படிக்கும் பள்ளியும் திட்டத்தில் உள்ளன. ஏழாம் எண் ரயில் வாசலில் நிற்கிறது. ஆட்டமில்லாத நாளில் அந்தத் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் நடப்பார்கள் என்பதால், இதை நான் நல்ல தேர்வாகவே மதிக்கிறேன். கழிவுநீர்க் குழாய்கூட இல்லாத அந்த இடத்தில் பல்லாண்டு வாகனப் பழுதுபார்க்கும் கடைகள் வைத்திருந்த குடியேறிகள் முன்னமே அகற்றப்பட்டுவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போக்குவரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பக்கத்தில் ரயில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். மக்கள் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து சிறுகச் சிறுக வருவார்கள். கடைசி விசில் ஊதியதும் மொத்தமாக வெளியேறுவார்கள். சோதனை அந்த வெளியேற்றத்தில்தான் இருக்கிறது. 22,000 பேரில் பாதிப் பேர் ரயிலேறுவதாகக் கொள்வோம். ஐந்நூறு பேரை ஏற்றும் லைட் ரயில் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் மணிக்கு 3,000 பேர். பதினொன்றாயிரம் பேரும் போய்ச்சேர மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆகவே ஒரு தடம் போதாது. பல திசைகளில் பல தடங்கள் வேண்டும். அதைவிட முக்கியமாக, கூட்டம் ஒரேயடியாக நிலையத்தை முற்றுகையிடாமல் பிரிந்து போக, நடக்கும் தொலைவில் உணவகங்களும் மதுக்கூடங்களும் திறந்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட நடை இடையூறன்று. கூட்டத்தை அதுவே மெல்ல வடியச் செய்கிறது. போர்ட்லாண்டின் பிராவிடன்ஸ் பார்க் அரங்கம் இதற்கு நல்ல சாட்சி: 1926 முதல் அதே இடத்தில், நாற்புறமும் தெருக்களாலும் வீடுகளாலும் சூழப்பட்டு, வாசலிலேயே லைட் ரயில் நிலையத்தோடு நிற்கிறது. 2019இல் நாலாயிரம் இருக்கைகள் சேர்க்க வேண்டி வந்தபோது அகலவாக்கில் இடமில்லாததால் மேல்நோக்கி அடுக்கிக் கட்டினார்கள். இட நெருக்கடி அங்கே குறையாகத் தெரியவில்லை.

அரங்கம் வந்தால் சுற்றுப்புறம் தானாக வளரும் என்ற வாக்குறுதியை மட்டும் எளிதில் நம்பிவிடக்கூடாது. மின்னசோட்டா அணிக்காகச் செயின்ட் பால் நகரில் பழைய பேருந்துப் பணிமனை நிலத்தில் 2019இல் அலையன்ஸ் ஃபீல்டு திறக்கப்பட்டது. 19,400 இருக்கைகள், எதிரிலேயே லைட் ரயில், கட்டுமானச் செலவு தனியாருடையது. இடத்தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுற்றியிருந்த பழைய வணிக வளாக நிலத்தில் அலுவலகங்களும் வீடுகளும் எழும் என்று முதன்மைத் திட்டத்தில் வரைந்தார்கள். அரங்கம் திறந்து ஆண்டுகள் கடந்தும் அதில் பெரும்பகுதி வெறும் புல்வெளியாகவும் வாகன நிறுத்தமாகவும் கிடந்தது. அரங்கத்தைக் கட்டுபவருக்குக் காலக்கெடு உண்டு. பக்கத்து மனையைக் கட்டுபவருக்கு அப்படி ஒரு கெடு எழுத்தில் இல்லாவிட்டால் அவர் வட்டி விகிதம் இறங்கும்வரை காத்திருப்பார்.

இனிச் சின்சினாட்டி. அந்தக் கழகம் 2016இல் கீழ்நிலைத் தொடரில் தொடங்கி, பல்கலைக்கழகத்தின் நிப்பெர்ட் அரங்கத்தில் அனைவரையும் வியக்கவைத்த கூட்டத்தைத் திரட்டியது. எம்எல்எஸ் தொடருக்குள் நுழைய, சொந்தமாகக் கால்பந்து அரங்கம் வேண்டும். மூன்று இடங்கள் களத்தில் இருந்தன. ஓக்லி: நகர மையத்துக்கு வடகிழக்கே, முன்பு இயந்திரக் கருவித் தொழிற்சாலை இருந்த நிலம், நெடுஞ்சாலை பக்கம், நடந்து வருவோருக்குத் தூரம். நியூபோர்ட்: ஒஹாயோ ஆற்றுக்கு அக்கரையில், கெண்டக்கி மாநிலத்தில், காலி நிலம். மூன்றாவது வெஸ்ட் எண்ட்: நகர மையத்தை ஒட்டி, டாஃப்ட் உயர்நிலைப் பள்ளியின் ஸ்டார்கெல் திடல் இருந்த இடம். 2017 நவம்பரில் நகர மன்றம் ஓக்லிக்கான சாலை, கழிவுநீர் வசதிகளுக்குப் பணம் ஒதுக்கியது. எம்எல்எஸ் நிர்வாகத்தின் விருப்பமோ நகர மையமாக இருந்தது. சில மாதங்களில் கழகம் வெஸ்ட் எண்டுக்குத் திரும்பியது. 2018 ஏப்ரலில் மன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அதை ஏற்றது.

ஒரே ஒரு வாக்கு வித்தியாசம் ஏன் என்பது அந்தப் பகுதியின் வரலாறு தெரிந்தால் விளங்கும். வெஸ்ட் எண்ட் கறுப்பின மக்கள் பல தலைமுறையாக வாழ்ந்த பகுதி. 1950களின் இறுதியிலும் 60களிலும் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரிலும் ஐ-75 நெடுஞ்சாலைக்காகவும் அதன் தென்பகுதியான கென்யன்–பார் முழுவதும் இடித்துத் தள்ளப்பட்டது. 25,000க்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ அனைவரும் கறுப்பினத்தவர், வீடிழந்தார்கள். இடிப்பதற்கு முன் அந்தந்தக் கட்டடத்தின் எண்ணை அட்டையில் எழுதி வாசலில் பிடித்துக்கொண்டு மாநகராட்சி எடுத்த ஒளிப்படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு கடையாக. பாட்டி வீடு அந்தப் படங்களில் இருக்கும் ஒருவரிடம் போய், இந்த முறை வளர்ச்சி உங்களுக்கும் பயன்படும் என்று சொன்னால், அவர் எழுத்தில் கேட்பதில் என்ன தவறு? பகுதி மக்கள் மன்றத்துக்குள்ளேயே இது பெரும் பிளவை உண்டாக்கியது. அரங்கத்துக்கு ஈடாகப் பகுதி மக்களுக்குக் கழகம் செய்ய வேண்டியவற்றைக் குறிக்கும் நலன் ஒப்பந்தத்தில் அந்த மக்கள் மன்றத்தின் பெயரில் கையெழுத்திட்டது முறையா என்ற பூசல் நெடுநாள் நீடித்தது.

இந்தத் தேர்வில் பாராட்டத்தக்க ஒன்றும் நடந்தது. அதைச் செய்தது பள்ளி வாரியம். பள்ளித் திடல் வேண்டும் என்று கழகம் கேட்டபோது வாரியம் அவசரப்படவில்லை. முதலில் வந்த குறைந்த தொகையை ஏற்க மறுத்தது. அதே பகுதியில் மாணவர்களுக்கு ஒரு கோடி டாலரில் புதிய ஸ்டார்கெல் திடல் கட்டித் தர வேண்டும், சொத்து வரிக்கு ஈடாகப் பள்ளிகளுக்கு 2.5 கோடி டாலர் தவணைகளில் செலுத்த வேண்டும் என்று நின்று, அதைப் பெற்றது. தன்னிடம் இருக்கும் நிலம் இல்லாமல் திட்டம் நகராது என்பதை உணர்ந்த ஒரு பொது அமைப்பு, வாக்களிப்பதற்கு முன் பேச வேண்டியதைப் பேசியது. நகர மன்றம் ஏறத்தாழ 3.5 கோடி டாலர் உள்கட்டமைப்புக்கு ஒதுக்கியபோது இதே உறுதியை வாடகைதாரர்கள் விஷயத்தில் காட்டவில்லை.

வெஸ்ட் எண்டில் 26,000 இருக்கைகள் கொண்ட டிக்யூஎல் அரங்கம் 2021 மே மாதம் திறக்கப்பட்டது. இடம் என்ற அளவில் அது கால்பந்துக்கு வாய்ப்பானது என்பதில் ஐயமில்லை. ரசிகர்கள் வாஷிங்டன் பூங்காவில் கூடி, கொடிகளோடும் முரசுகளோடும் தெருவழியே நடந்தே அரங்கம் சேர்கிறார்கள். கார்கள் நகர மையத்தின் நிறுத்தங்களில் நிற்கின்றன. ஆட்டம் முடிந்த கூட்டம் பக்கத்து ஓவர்-தி-ரைன் பகுதியின் உணவகங்களில் கரைகிறது. 1878இல் கட்டிய இசை மண்டபம் அருகிலேயே இருப்பதால், கோல் விழும்போது எழும் ஆரவாரம் சிம்பொனிக் கச்சேரிக்குள் புகுமோ என்ற அச்சம் எழுந்தது. அதற்காக ஒலி ஆய்வு நடத்தி, தடுப்பு ஏற்பாடுகளைப் பேசினார்கள். இசை மண்டபத்தின் செவிக்குக் கிடைத்த அந்த அக்கறை பக்கத்துக் குடியிருப்புகளுக்குக் கிடைத்ததா என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. 2019இல் அரங்க மனையை ஒட்டிய குடியிருப்புக் கட்டடங்களைக் கழகம் விலைக்கு வாங்கியது. அங்கே வாடகைக்கு இருந்தவர்கள், முதியவர்கள் உட்பட, வெளியேற வேண்டிய நிலை வந்தது. ஊரே கண்டித்த பிறகுதான் கால அவகாசமும் இடமாற்ற உதவியும் பேச்சுக்கு வந்தன.

செயின்ட் லூயிஸ் நகரம் இதே வரலாற்றை வேறு விதமாக எதிர்கொண்டது. அங்கே 2017இல் அரங்கத்துக்குப் பொதுப்பணம் தருவதை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். பிறகு வந்த உரிமையாளர்கள் பெரும்பாலும் தங்கள் பணத்தில் கட்டினார்கள். 2022இல் முடிந்த அந்த 22,500 இருக்கை அரங்கத்தின் மனையில் கணிசமான பகுதி, முழுமை பெறாமலே போன ஒரு நெடுஞ்சாலைத் திட்டத்தின் ஏறுபாதைகள் கிடந்த நிலம். வீடுகளை இடிக்காமல், பயனற்ற சாலையை இடித்து எழுப்பிய அரங்கம் அது. 1959 முதல் அழிக்கப்பட்ட கறுப்பினப் பகுதியான மில் கிரீக் வேலியில் வீடிழந்த இருபதாயிரம் பேரின் நினைவாக, அரங்கத்தை ஒட்டியே கலைஞர் டேமன் டேவிஸ் வடித்த தூண்கள் நிற்கின்றன. நகர மையத்தில் காலி நிலமே இல்லை என்று சொல்லும் எந்த நகரமும் முதலில் தன் நெடுஞ்சாலைச் சந்திப்புகளையும் ரயில் யார்டுகளையும் பழைய பணிமனைகளையும் அளந்து பார்க்கட்டும்.

அப்படியானால் வெஸ்ட் எண்ட் சரியா? போக்குவரத்து, நடை தூரம், நிறுத்தங்கள் ஆகிய மூன்றிலும் அது ஓக்லியைவிடத் தெளிவாக மேல். யாரையும் வெளியேற்றாத நிலம் என்ற வகையில் நியூபோர்ட் வெஸ்ட் எண்டைவிட மேல். ஆனால் கழகமும் நகரமும் ஒஹாயோ பக்கத்திலேயே இருக்க விரும்பிய பிறகு, வெஸ்ட் எண்டை நான் ஆதரித்திருப்பேன், மூன்று நிபந்தனைகளோடு: அரங்கத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் கழகமோ அதன் துணை நிறுவனங்களோ வாங்கும் எந்தக் கட்டடத்திலும் இருப்பவர்களை இத்தனை ஆண்டுகளுக்கு வெளியேற்றக்கூடாது என்ற விதி, பழைய வீட்டு உரிமையாளர்களுக்கு, நில மதிப்பு ஏறுவதால் கூடும் சொத்து வரியிலிருந்து நிவாரணம், மலிவு வாடகைக் குடியிருப்புக்கான பணம் அரங்கம் திறப்பதற்கு முன்பே வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்ற ஷரத்து. இம்மூன்றும் நலன் ஒப்பந்தத்தில் அன்றி, நகர மன்றம் நிறைவேற்றும் தீர்மானத்திலேயே இடம்பெற வேண்டும். ஏனெனில் ஒப்பந்தத்தை யார் யாருக்காகக் கையெழுத்திட்டார் என்று பிறகு சண்டையிடலாம், தீர்மானத்தை நீதிமன்றத்தில் அமலாக்கலாம். ஐந்துக்கு நான்கு என்று இருந்த ஏப்ரல் வாக்கெடுப்பில், ஆதரித்த ஐவரில் ஒரே ஒருவர் இதைக் கேட்டு நின்றிருந்தால்கூட, கழகம் ஏற்றுக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.